குளத்துக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதம்

யாருக்கும் தீங்கு நினையாமல், முறைப்படி எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் பின்விளைவாக ஒரு குழந்தையின் கணுக்கால் உடையுமானால், அதை எழுதியவர் அதற்கு எவ்வளவு தூரம் பொறுப்பு? பதுளை வைத்தியசாலையில், எலும்பு முறிவுப் பிரிவுக்கு வெளியே கிடந்த நீண்ட வாங்கில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கதவுக்கு அப்பால் அவருடைய ஏழு வயது மகள் அழுதுகொண்டிருந்தாள். கடிதத்தை எழுதியவள் நான்.

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். பல்கலைக்கழகம் போய்த் திரும்பி, இப்போது பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். இருப்பது இன்னும் பிறந்த லயத்தில், தொழிலாளருக்கென்று தோட்டம் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், அண்ணன் குடும்பத்தோடுதான். அண்ணனுக்குப் பதுளை நகரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் மகள் எழும்பும் முன்னே போய், அவள் தூங்கிய பின்னே வருவார். ஏழாம் நாளில் அண்ணி வீட்டில் இருக்க மாட்டார். ஞாயிறுகளில் கைக்காசுக்கு, அதாவது அன்று பறிக்கும் கொழுந்துக்கு அன்றே கிடைக்கும் கூலிக்கு, மலைக்குப் போய்விடுவார். எனவே ஞாயிறு காலை தகப்பனுக்கும் மகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. அந்தக் காலையை அவர்கள் குளத்தங்கரையில் கழித்தார்கள்.

குளம் என்பது பெரிய சொல். தேயிலை நாற்று மேடைக்குத் தண்ணீர் எடுப்பதற்காக நிருவாகம் எப்போதோ வெட்டிய பள்ளம் அது. ஒரு பக்கம் சீமெந்துக் கட்டு, மறுபக்கம் புல். கட்டுப் பக்கம்தான் ஆழம். புல் பக்கத்தில் சிறு பிள்ளைகள் முழங்கால் நனைய நிற்கலாம். யாரோ விட்ட திலாப்பியா மீன் அதில் பெருகியிருந்தது. ஞாயிறுகளில் ஐந்தாறு தகப்பன்மார் பிள்ளைகளோடு வந்து உட்காருவார்கள். பழைய ரப்பர் செருப்பை வெட்டி மிதப்பு, பிசைந்த கோதுமை மாவில் உருண்டை, காட்டுக் கம்பில் தூண்டில். அண்ணன் மகள் புழுவைத் தொட மாட்டாள், மாவுருண்டை மட்டும்தான். சுற்று வட்டாரத்தில், பஸ்ஸுக்கு நிற்காமல், நடந்தே போய்ப் பிள்ளைகளைத் தண்ணீரோரம் உட்கார வைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அங்கே மீன் பிடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. தடையும் இல்லை. நாற்று மேடைக்குக் காவலாக ஒரு வயதான வாச்சர் இருந்தார். நானும் அவர்களோடு ஒருமுறை போயிருந்தபோது, அண்ணன் மகள் அவரை மறித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

"தாத்தா, இன்னைக்கு மூணு புடிச்சேன்."

வாச்சர் குனிந்து பார்த்தார். "இதையா மீனுங்கிற? நேத்துப் பொறந்தது. அவங்க அம்மா தேடும், கொண்டுபோய் விடு."

"விடத்தான் போறேன். நீங்க பாக்கணும்னு வச்சிருந்தேன்."

"நான் எங்க பார்த்தேன்? நான் இந்தப் பக்கமே வரல. வெளங்குதா?"

"இப்ப வந்து நிக்கிறீங்களே."

"உங்கப்பன விட வாய் நீளம் ஒனக்கு," என்று சொல்லிவிட்டு, கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு அவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனார். மத்தியானம் வரை திரும்பவில்லை. ஞாயிறுதோறும் அப்படித்தான்.

அந்த வருடம் தவணை விடுமுறைக்கு முன்னர், குடும்பமாகப் பிள்ளைகளோடு போகக்கூடிய, செலவில்லாத இடங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நகரத்துப் பூங்காவும் நீர்வீழ்ச்சிகளும் ஏற்கெனவே அதில் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம்கூட இல்லை என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. குளத்தை எழுதினேன். காணிக்குச் சொந்தக்காரரின் அனுமதி இணைக்கப்பட வேண்டும் என்று படிவம் கேட்டது. தோட்ட நிருவாகத்துக்கு, அதாவது தோட்டத் துரைக்கு, ஒரு கடிதம் வரைந்தேன்: ஞாயிறு காலைகளில் பெற்றோரோடு வரும் பிள்ளைகள் மீன்பிடிக்க அனுமதி; ஆழப் பகுதிக்குக் குறுக்கே ஒரு கயிறு; எது ஆழம், எது ஆழமில்லை என்று சொல்லும் ஓர் அறிவித்தல் பலகை. இவ்வளவுதான் கேட்டிருந்தேன்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "எதுக்கு இப்ப அதப் போய் எழுதிக்கிட்டு? அது பாட்டுக்கு நடக்குது."

"ஒரு புள்ள விழுந்துட்டா என்னண்ணே செய்வீங்க? புடிச்சுக்க ஒரு கயிறு இருக்கா அங்க?"

"இடுப்பளவு தண்ணிக்குக் கயிறா?"

"உங்க இடுப்பு. அவ இடுப்பு இல்ல."

அவர் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எனக்கு அது வெற்றிபோலத் தோன்றியது. இன்றும் அந்த வாதத்தில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை; பிழை வேறோர் இடத்தில் இருந்தது.

அதைத் தோட்ட அலுவலகத்துக் கிளாக்கர் ஐயா கிட்டத்தட்ட எனக்குச் சொல்லியே விட்டார். கடிதத்தை இருமுறை வாசித்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வாங்க மாட்டேன்னு சொல்லல தங்கச்சி. ஒண்ணு மட்டும் கேக்கிறேன். வாயால சொன்னா தொரை காதுல விழாத மாதிரி இருந்துக்குவாரு. தாளுல குடுத்தா அவரும் தாளுலதானே பதில் சொல்லணும்?"

"அதுதானே ஐயா எனக்கு வேணும்."

"சரி, படிச்சவங்க நீங்க. முத்திரை குத்தி வச்சிக்கிறேன்."

பதில் வர அதிக நாள் ஆகவில்லை. குளம் நிருவாகத் தேவைக்கு மட்டும் உரியது. அங்கே ஏற்படக்கூடிய எந்த விபத்துக்கும் நிருவாகம் பொறுப்பேற்க இயலாது. ஆகவே வெளியார் எவரும், பிள்ளைகள் உட்பட, அப்பகுதிக்குள் வரக் கூடாது. அடுத்த வாரமே பலகை வந்தது. நான் கேட்டதும் பலகைதான். சிவப்பு எழுத்தில், மூன்று மொழிகளில், உட்பிரவேசம் தடை என்று அதில் எழுதியிருந்தது.

வாச்சரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்திருந்தார்கள். யார் வந்தாலும் பெயர் எழுத வேண்டும். பெயர் விழுந்தவர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். "எனக்கு எழுத வராதுன்னு சொல்லிப் பாத்தேன்," என்று அவர் அண்ணனிடம் சொன்னாராம். "சம்பளத்துக்குக் கையெழுத்து வைக்கிறியே, அந்தளவு எழுதுன்னு சொல்லிட்டாங்க. வராதீங்க தம்பி. நான் பாக்கிற மாதிரி ஆக்கிட்டாங்க."

லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியில் குடத்தோடு நின்றபோது எனக்குக் கேட்கும்படியாகவே ஒரு பெண் மற்றவளிடம் சொன்னாள்: "கவர்மெண்டு வேலைக்குப் போன புள்ள நமக்கு ஒரு போர்டு வாங்கிக் குடுத்திருக்கு. மூணு பாஷையில."

"நல்லதுதானே. புள்ளைங்க ஞாயித்துக்கெழம அதை வாசிச்சிக்கிட்டு உக்காந்திருக்கலாம்."

இருவரும் சிரிக்கவில்லை. நான் குடம் நிறையும் வரை நின்றேன். இரண்டாவது கடிதம் ஒன்றும் எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

மற்றத் தகப்பன்மார் ஞாயிறுகளை வேறு வழிகளில் போக்கிக்கொண்டார்கள். அண்ணன் மகள் மட்டும் விடவில்லை. சனிக்கிழமை மாவு பிசைந்து வைத்துவிட்டுத் தூங்குவாள். சில வாரங்களுக்குப் பிறகு அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு கீழே ஓடும் பதுளு ஓயா என்ற ஆற்றுக்குப் போகத் தொடங்கினார். எனக்கும் அண்ணிக்கும் அவர் சொன்னது கடைவீதிக்குப் போகிறோம் என்று. மகளையும் அப்படியே சொல்லப் பழக்கியிருந்தார்.

விபத்து நடந்த ஞாயிறன்று எங்கள் பக்கம் வெயில் அடித்தது. மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். ஓயாவின் நடுவிலிருந்த தட்டைப் பாறைக்குப் பக்கத்தில் அவள் காலை நனைத்துக்கொண்டு நின்றாள். தூண்டில் அண்ணன் கையில் இருந்தது. தண்ணீர் பழுப்பாக மாறுவதை முதலில் பார்த்தவள் அவள்தானாம். "அப்பா, தேத்தண்ணி மாதிரி வருது," என்றாளாம்.

மீதியை அண்ணன் வைத்தியசாலை வாங்கில் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்வதாகக்கூடத் தெரியாமல் சொன்னார்.

"எனக்கு முழங்காலுக்கு மேல ஏறிச்சு. அவளுக்கு நெஞ்சுக்கு. தூக்கினேன், வரல. கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டியிருக்கு. கல்லை நகத்திப் பார்த்தேன். நேரம் இல்ல. இழுத்தேன்." கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பினார். "அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தண்ணி இரைச்சல்லயும் கேட்டுச்சு."

"நீங்க இழுக்காட்டி அவ இல்லண்ணே."

"தெரியும்."

"அண்ணே, நான் அந்தக் கடிதத்தை…"

"அத இங்க பேசாத," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகும் எங்கள் வீட்டில் அது பேசப்படவில்லை.

முறிவு வளரும் எலும்பின் முனையில் என்றும், அந்தக் கால் மற்றக் காலோடு சமமாக வளருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றும் வைத்தியர் விளக்கினார். அண்ணி கொழுந்துக் கறை போகாத விரல்களால் மகளின் கட்டுப்போட்ட காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைவீதிக்குப் போனவர்கள் எப்படி ஓயாவுக்குள் நின்றார்கள் என்று அவர் அண்ணனைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அண்ணன் பதில் சொல்லவில்லை. அவர் ஏன் அங்கே போக வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டியவள் நான். நானும் சொல்லவில்லை.

அந்த வாங்கிலிருந்து எழுந்து பல மாதங்களாகிவிட்டன; அந்தக் கேள்வியை நான் பல பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். துரையின் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் பதில் எழுதியிருப்பேன். ஆபத்து இருக்கிறது என்று ஒருவர் எழுத்தில் தெரிவித்த பிறகு, எழுத்தில் அதை ஏற்றுக்கொள்ள எந்த அதிகாரிக்கும் துணிவு வராது. கயிறில்லாத குளத்திலும் ஒரு நாள் ஒரு பிள்ளை விழுந்திருக்கலாம். இவையெல்லாம் நியாயங்கள். ஆனால் தோட்டத்தில் எங்கள் வாழ்க்கையில் பாதி யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் நடப்பது. லயத்துக்குப் பின்னால் போடும் மரக்கறிப் பாத்தி, மாட்டுக் கொட்டில், கவாத்து வெட்டிய மலையில் பொறுக்கும் விறகு, இவற்றில் எதற்கும் தாள் கிடையாது. இது எங்கள் பலவீனம். உரிமையாக வேண்டியது சலுகையாகவே நிற்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதைத் தாளில் ஏற்றி, கிடைத்தால் கிடைக்கட்டும் இல்லாவிட்டால் போகட்டும் என்று பணயம் வைப்பதற்கு, அதை அனுபவித்து வந்தவர்களின் சம்மதம் வேண்டும். நான் அலுவலகத்தைக் கேட்டேன். நிருவாகத்தைக் கேட்டேன். லயத்தில் பிள்ளை வைத்திருந்த ஒரு வீட்டையும் கேட்கவில்லை. என் அண்ணன் வேண்டாம் என்றபோது, அவரை வாதத்தில் வென்றேன்.

பட்டியலில் இருந்து குளம் நீக்கப்பட்டது. மக்களின் பெயரால் ஏதாவது எழுத வேண்டி வந்தால் இப்போது முதலில் வீடு வீடாகப் போகிறேன். இரண்டு தடவை, அவர்கள் வேண்டாம் என்று சொன்னதால், எழுதாமலே விட்டிருக்கிறேன். அண்ணன் மகள் நடக்கிறாள், இடது காலைச் சற்று இழுத்து. அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். அந்தக் காலைகளில் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறோம்.