இரண்டு விரற்கடை தாழ்ந்த சம்ப்

ரத்தினசாமியின் ஷெட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் விளங்காது. வண்டியின் அடிப்பக்க வேலை முடிந்ததும், நாலு பேரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு மனிதர் தரையில் படுத்து விரலால் அளப்பார். மைசூரில் வேறு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்வதில்லை. கேட்டால் "பழக்கமுங்க" என்பார். பழக்கமாவது ஒன்றாவது, அது அவமானம்.

எழுபத்து நாலாம் வருஷம். ரயில்வே அதிகாரி பாலசந்திரன் தன் ஃபியட்டைப் பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். விஜயதசமி காலையில் புறப்பட்டுச் சாமராஜநகர் வழியாகக் காட்டு ரோட்டில் ஓட்டம். வளைவில் வேகமாகத் திரும்பினால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி என்ஜின் வறண்டுவிடும். அதனால் என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்பைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று போடவேண்டும். எதைப் போடுவது என்பதை அவர் ரத்தினசாமியிடமே விட்டுவிட்டார்.

கையில் இரண்டு இருந்தன. ஒன்று பெங்களூரில் வார்த்த அலுமினிய சம்ப். நல்ல ஆழம், பளபளப்பு. இன்னொன்று பக்கத்து ஷெட் வெல்டர் ஜடையன் இரும்புத் தகட்டில் செய்தது. ஆழத்தைக் கூட்டாமல் இருபுறமும் அகலப்படுத்தியிருந்தான்.

"கல்லு ரோட்டுக்கு இதுதானுங்கண்ணா தாங்கும்," என்றான் ஜடையன்.

"இந்தத் தகர டப்பாவுல மண்ணெண்ணெய் ஊத்தி வைடா," என்றார் ரத்தினசாமி. ஷெட்டே சிரித்தது. ஜடையனும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான்.

ஆயுத பூஜையன்று புது அலுமினிய சம்புடன் வண்டி மாலை போட்டு நின்றது. ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் குங்குமம் வைத்துப் பூஜையில். பாலசந்திரன் வீட்டார் ஏறி உட்கார, சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று வண்டிக்கடியில் உருண்டது. எடுக்கக் குனிந்த ரத்தினசாமி சம்பைப் பார்த்தார். காலி வண்டியில் வைத்து அளந்திருந்தார். பாரம் ஏறியதும் சம்ப், இருக்கவேண்டிய உயரத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, கல் இடிக்கிற மாதிரி தொங்கியது.

"எல்லாம் சரிதானே, ரத்தினசாமி?" என்று கேட்டார் பாலசந்திரன்.

"சரியா இருக்குதுங்க சார்."

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாமிக்கு ஒரு கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்திருக்கலாம். எடுக்கவிடாமல் செய்தவன், எதிரே நின்று பொரி தின்றுகொண்டிருந்த ஜடையன்தான். அவனிடம் போய் அந்த டப்பாவைக் கேட்பதாவது.

மறுநாள் சாமராஜநகர் தாண்டி ஒன்பதாவது மைலில் ஒரு கல். சம்ப் பிளந்து, ஆயில் கொட்டி, என்ஜின் இறுகிவிட்டது. லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்த பாலசந்திரன், ஷெட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "தப்பு என்னோடது. கல்லைப் பார்த்து ஓட்டியிருக்கணும். ஹோகலி, விடுங்க."

திட்டியிருந்தால் ரத்தினசாமி தாங்கியிருப்பார். ஜடையன் பிளந்த சம்பில் வழிந்த ஆயிலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சார், பூசையன்னிக்கே பாத்துட்டனுங்க," என்றார் ரத்தினசாமி. "தொங்கறது தெரிஞ்சுதான் சரின்னு சொன்னனுங்க."

பாலசந்திரன், ஜடையன் செய்த சம்பையே போடச் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை அவர் வேறு ஷெட்டுக்கு மாற்றவில்லை. ரத்தினசாமியிடமே விட்டார், அதே மரியாதையோடு பேசினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுக்குமுன் சட்டைப் பையைக் கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அதற்குமுன் ஒருநாளும் அவர் குனிந்து பார்த்ததில்லை.