இரண்டு நாற்காலிகளும் பாயம்மாவும்

என் நாவலை ஜெர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். "பதினோராம் அத்தியாயத்துக்கும் பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கும் இடையில் எத்தனை வருடங்கள் கழிகின்றன?"

பதினொன்றில் ஒரு அம்மாவும் மகளும் தெருவே கேட்கச் சண்டை போடுகிறார்கள். அம்மா மகளின் துணிமணியை வாசலில் வீசுகிறாள். செத்தாலும் என் முகத்தில் முழிக்காதே என்கிறாள். மகள் அதைவிட மோசமாக ஒன்று சொல்கிறாள். பன்னிரண்டில் அதே மகள் அதே அம்மா போட்ட மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். "வருடமெல்லாம் இல்லை, ஒரு சாயங்காலம்" என்று பதில் எழுதினேன்.

பிறகு பல நாள் பேச்சு மூச்சே இல்லை. கடைசியில் ஒரு அஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இந்த இரண்டு அத்தியாயங்களும் தன் மொழியில் ஒட்டவே மாட்டேன் என்கின்றன, இவ்வளவு பேசியவர்கள் எப்படி மறுபடி ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியும் என்று தனக்குப் புரியவில்லை, புரியாததை எழுதித் தனக்குப் பழக்கமில்லை, வேறு யாராவது செய்தால் நல்லது என்றிருந்தார்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் பில் போட்டுக்கொண்டே எழுதுகிறவள் நான். என் புத்தகம் வடசென்னையைத் தாண்டியதே பெரிய விஷயம். இப்போது கடல் தாண்டுகிறது என்று சொந்தக்காரர்களிடம், ஆபீசில், மாவு மில்லில், ஒரு இடம் விடாமல் பீற்றிக்கொண்டாயிற்று. ஒரு சண்டை புரியவில்லையென்று இந்த அம்மாள் திருப்பித் தருவாராம். "அப்படியென்றால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று தட்டிவிட்டேன். கோபத்தில் சொன்னதை அவர் அழைப்பு என்று எடுத்துக்கொண்டார். பொங்கல் முடிந்ததும் ராயபுரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, தோளில் ஒரு துணிப்பை. அவரும் நாவல்கள் எழுதியிருக்கிறார். "என் நண்பர்கள் எல்லோரும் படித்தார்கள். எனக்கு நண்பர்கள் குறைவு" என்று சிரிக்காமல் சொன்னார். வயிற்றுப்பாடு மொழிபெயர்ப்பில்தான். தமிழைப் பல்கலைக்கழகத்தில் புத்தகத்திலிருந்தே கற்றவர் என்பதால் டிவியில் செய்தி வாசிப்பதுபோலப் பேசினார். கீரைக்காரம்மாவிடம் போய் "இக்கீரையின் விலை என்ன என்று கூற இயலுமா?" என்று கேட்டதில் அந்தம்மா ஒரு கட்டு சும்மாவே கொடுத்துவிட்டாள். அவருடைய அப்பா ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அதனால் எங்கள் தெருவின் லாரி இரைச்சலில் பச்சைக் குழந்தைமாதிரி தூங்கினார். எண்ணூர்ப் பக்கத்து ஆலைப்புகைக் காற்று அடித்த அன்று மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மொட்டை மாடி அறையைக் கொடுத்தேன். இரண்டு நாற்காலி வேண்டும் என்றார். ஒன்று மரம், ஒன்று பிளாஸ்டிக், கிடைத்ததைக் கொண்டுபோய்ப் போட்டேன். எதற்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. நாவலில் இரண்டு பேர் பேசினால் இவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தியாகப் பேசுவார். பிறகு எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய் மற்றவளாகப் பதில் சொல்வார். குரல், முகம், கை எல்லாம் மாறும். வாயால் பேசிப் பார்க்காத எந்த வசனத்தையும் அவர் எழுதுவதில்லை. இருபது வருடப் பழக்கமாம். முதல் சில நாள் பதினோராம் அத்தியாயத்தைத் தொடாமல் பின்னால் உள்ளவற்றைத் திருத்திக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து மெல்லிய முணுமுணுப்புதான் கேட்கும். பக்கத்து வீட்டு பாயம்மா ஜாக்கெட் தைப்பவர், தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. "நல்ல பக்தியான பொண்ணுடி, எந்நேரமும் ஓதிகினே கீது" என்று அவர் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் தலைவலி என்று ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்தேன். என் வீட்டு வாசலில் கூட்டம். வெளிநாட்டுக்காரம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதென்றால் யாருக்கு என்ன பதில் சொல்வது?

"மேல யாரோ அந்த வெள்ளக்காரம்மாவ போட்டு அடிக்கிறாங்கோ" என்றாள் எதிர் வீட்டு அக்கா. "ரெண்டு பொம்பளைங்க கொரலு. ஒன்னு கத்துது, ஒன்னு அழுவுது. சாமானு வேற வுழுவுது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பதினோராம் அத்தியாயம்! சொல்ல வாயைத் திறப்பதற்குள் பாயம்மா எனக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து எழுந்து வந்த வேகத்தில் கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. கதவைப் படபடவென்று தட்டினார். "யாரு கீறது உள்ள? மொதல்ல கதவ தொற! தொறன்றேன்ல!"

கதவு திறந்தது. முகம் சிவந்து, கண்ணெல்லாம் தண்ணீரோடு அவர் தனியாக நின்றார். பிளாஸ்டிக் நாற்காலி குப்புறக் கிடந்தது. பாயம்மா அவரைத் தாண்டி உள்ளே போய் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நின்றார். கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, "போதும், வுடுங்க ரெண்டு பேரும்" என்றார். அப்புறம்தான் இன்னொரு ஆளைத் தேடினார். "எங்க அவ? பாத்ரூம்ல கீறாளா?" அங்கேயும் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"இது கதைக்காக, பாயம்மா. இவங்களே ரெண்டு பேரா பேசிப் பார்ப்பாங்க" என்றேன்.

"கதையா? அப்ப கண்ல தண்ணி இன்னாத்துக்கு வருது?" என்று என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு தன் துப்பட்டாவாலேயே அழுதவரின் முகத்தைத் துடைத்தார். "வுடு கண்ணு. கோவத்துல ஆயிரம் பேசுவாங்க. அத்த மனசுல வச்சிக்காத. சோறு துன்னியா? வா கீழ."

சொல்லிவிட்டு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். நான் பின்னால் போனபோது பாயம்மா வீட்டுக் கூடத்தில் தட்டு வைத்து, மீன் குழம்பு ஊற்றியாயிற்று; எங்கள் மொழிபெயர்ப்பாளர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழுத மூக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆள் முழுசாக இருக்கிறார் என்று அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் மாடியில் டீ குடிக்கும்போது அவராகவே பேசினார். "என் வீட்டில் பல வருடங்களாக இப்படிச் சத்தம் போட்டுத்தான் வேலை செய்கிறேன். மேலே, கீழே, இரண்டு பக்கமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இதுவரை ஒருவரும் கதவைத் தட்டியதில்லை."

அவருக்கும் அவர் அம்மாவுக்கும் பேச்சு இல்லை என்பதை அப்போதுதான் சொன்னார். ஒரே ஊர்தான். சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, அப்பா இறந்த சமயத்தில் மெதுவான குரலில் இரண்டே வாக்கியம், அவ்வளவுதான். "உங்கள் பெண்கள் இவ்வளவு பயங்கரமாகப் பேசுவது எப்படி என்று இப்போது தெரிகிறது. நடுவில் யாராவது வந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நடுவில் வர ஆள் இல்லை. அதனால் சொன்னது சொன்னபடியே நின்றுவிட்டது." எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்னொரு டீ ஊற்றினேன்.

உடனே காரியத்துக்கு வந்தார். "உங்கள் பதினோராம் அத்தியாயத்தில் பாயம்மா எங்கே?"

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் எழுதணுமா? சண்டை என்றால் நாலு பேர் விலக்கிவிட வருவார்கள். இது யாருக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியாது" என்றார். "என் வாசகர்களுக்கும் தெரியாது. ஒரு வரி சேர்க்க அனுமதி கொடுங்கள்."

என் நாவலில் இன்னொருத்தர் வரி எழுதுவதா? நான் குதித்தேன். எழுதினால் நான்தான் எழுதுவேன், வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று கத்தினேன். நல்லவேளை, பாயம்மா காதில் விழவில்லை. மொழிபெயர்ப்பாளர் பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வீம்புக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். அவ்வளவுதான் அந்த வரி. அதைப் படித்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "இனி முடித்துவிடுவேன்" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கின தூக்கம் பல மாதமாகத் தூங்காத தூக்கம். அந்த வரி இன்றுவரை தமிழ்ப் பதிப்பில் கிடையாது, தேவையும் இல்லை.

அவர் ஊர் திரும்பி, வெயில் காலம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். கடைசித் திருத்தமும் முடிந்துவிட்டதாம். "பதினொன்றை வாசித்துக் காட்டட்டுமா? புரியாவிட்டாலும் கேளுங்கள்." போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி மூட்டைமேல் வைத்தேன். ஜெர்மன் மொழியில் என் அம்மாவும் மகளும் அடித்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எந்த இடத்தில் துணி வாசலில் விழுந்தது என்று எனக்குத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. அப்பாடா, புத்தகம் கரை சேர்ந்துவிட்டது.

பின்வாசல் வழியாக பாயம்மா ஓடி வந்தார். "யாருடி அது? அந்தப் பொண்ணா? மறுபடியும் யாரு கூட மல்லு கட்டிகினு கீது?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னா கண்ணு, சோறு துன்னியா?"

அந்தப் பக்கம் வாசிப்பு நின்றது. சிரிப்புச் சத்தம் கேட்டது. கூடவே டொக் டொக்கென்று கதவு தட்டும் சத்தம். பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல் ஜெர்மனில் ஏதோ கேட்டது.

"பாயம்மா" என்றார் அவர். "என் அம்மா. போன வாரம் நான்தான் போய் அழைத்து வந்தேன். இந்தச் சத்தத்தைக் கேட்டு, உள்ளே என்ன ஆயிற்று என்று கேட்கிறார்."

"அப்ப போன வையி" என்றார் பாயம்மா. "மொதல்ல கதவ தொற."