ஆளில்லை

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சிக்கனம்'. யாராவது காபிக்கு எழுந்து போனால் போதும், அவர் மேஜை விளக்கை அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவளிடம் வீட்டு ஏசிக்கும் ஹீட்டருக்கும் மின்சாரம் மிச்சப்படுத்தும் மென்பொருளை எழுதச் சொன்னால் கேட்கவா வேண்டும்? நாற்பது நிமிடம் அறையில் அசைவே இல்லையென்றால் ஆளில்லை என்று முடிவுகட்டி, அது தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எட்டு மாதம் சோறு தண்ணி பார்க்காமல் எழுதினாள்.

அன்று நூறு வீடுகளில் வெள்ளோட்டம். தன் வீட்டையும் சேர்த்திருந்தாள். மாலை நாலு மணிக்கு மென்பொருளை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பியாக வேண்டும்.

மூன்றரைக்கு மேனேஜர் எந்த வீட்டில் எவ்வளவு மிச்சம் என்ற பட்டியலைப் பெரிய திரையில் போட்டார். "அட, உங்க வீடுதாம்மா முதலிடம்! பதினோரு மணிலேருந்து ஏசி ஓடவே இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் வாயெல்லாம் பல்லாக நின்றாள். அப்புறம்தான் பக்கத்தில் இருந்த சொல் கண்ணில் பட்டது: ஆளில்லை.

வீட்டில் அம்மா இருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து பத்து நாளாகப் படுக்கை. அசையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்ள வரும் பெண் பத்து மணிக்கே கிளம்பிவிடுவாள். அசையாமலும் ஒரு ஆள் இருக்கலாம் என்பது இந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் காலையில் அந்த அம்மாவுக்குத் தலைவாரிவிட்டு வந்தவளே அவள்தான்.

அறையில் முப்பத்தெட்டு டிகிரி என்றது திரை. ஃபோனிலிருந்தே ஏசியைப் போட்டாள். அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

சாவி ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது.

"அக்கா, கொஞ்சம் ஓடுங்க. அம்மா ஃபோன எடுக்கல. லைன்லயே இருங்க."

செருப்புச் சத்தம். மூச்சு இரைப்பு. "எந்தச் சாவிடி இது, திறக்க மாட்டேங்குதே?"

"நீலக் கயிறு கட்டினது, அக்கா!"

மேனேஜர் ஒன்றும் புரியாமல் கடிகாரத்தைப் பார்த்தார். ஏதாவது ஆகியிருந்தால் வேறு யாரையும் கைகாட்ட முடியாது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் உள்ளே போனது.

"வேர்வைல தொப்பலா நனைஞ்சு கிடக்காங்கடி. முழிச்சுதான் இருக்காங்க. இரு, தண்ணி குடுக்கறேன்... ரிமோட் தலைமாட்டுலயே இருக்கே, ஏன் போடலம்மா?"

அம்மாவின் குரல் வறண்டு கேட்டது. "இன்னிக்கு டெஸ்ட்டு, எதையும் தொட்டுடாதேன்னு காலைல சொல்லிட்டுப் போனா. என்னால அவ வேலை கெட்டுடக் கூடாதுல்ல? அதான் ஃபோனைக்கூடத் தொடல."

அவள் நின்றபடியே அழுதாள். அழுதுகொண்டே, நாலு மணிக்குப் போகவேண்டியதை ரத்து செய்தாள். மேனேஜர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

"நீ பாஸாயிட்டியான்னு கேக்கறாங்கடி," என்றாள் அக்கா.

"ஃபெயில்னு சொல்லுங்கக்கா. இதோ வந்துட்டேன்."