றஷ்மிக்காக ஒரு மன்றாட்டு

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் ஒருத்தி மனம்விட்டு அழ வேண்டுமென்றால் பாத்ரூமுக்குள்தான் போக வேண்டும். றஷ்மியின் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதான். படுக்கையறைக்குத் திரைச்சீலை. கூடத்தில் மாமியார் நேசம், மடியில் பேரன் அனுஜன், எதிரே ஓயாமல் அலறும் டீவி. இந்த வீட்டில் இரகசியமாவது ஒன்றாவது!

றஷ்மி வாயில்லாப் பூச்சி அல்ல. கல்யாணத்துக்கு முன் புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் நின்றவள். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி வாயடித்து, சும்மா பார்க்க வந்தவர்களையும் வாங்க வைத்து அனுப்புவாள். துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் டெரிக் அந்த வாயில் மயங்கித்தான் அவளைக் கட்டினான். பிள்ளை பிறந்ததும் அந்த வாய் அடைத்துப்போயிற்று. பிள்ளை பெற்றவளுக்கு அலுப்பு இருக்கும்தானே என்று சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் பாட்டைப் பார்த்தார்கள்.

அது அலுப்பில்லை. ஒருநாள் பிள்ளையோடு பல்கனியில் நின்றபோது, கையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றொரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை. கறிக்கத்தியைக் கண்டாலும் வந்தது, பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் வந்தது. பல்கனிக் கதவை நைலோன் கயிற்றால் கட்டிவைத்தாள். பிள்ளையை மாமியாரின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளித் தள்ளி நின்றாள். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். அவன் உயிருக்குத் தானே எமனாகிவிடுவோமோ என்று நடுங்கினாள். இதைப் போய் யாரிடம் சொல்வது?

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ், "நித்திரை கொள்றீங்களா மகள்?" என்று கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். அந்த மிஸ்தான் சுபாஷினியின் நம்பரைக் கொடுத்தாள். சுபாஷினி உளவள ஆலோசகர். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஃபோனிலேயே ஆட்களோடு கதைப்பவள்.

முதல் நாளே சுபாஷினி ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "நீங்க சொல்றது என்னோடயே இருக்கும். ஆரின்ரயும் உயிருக்கு ஆபத்து எண்டு நான் நினைச்சா மட்டும்தான் வேற ஆளிட்டச் சொல்லுவன், அதையும் உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான். பக்கத்தில ஒருத்தரும் இல்லாத இடத்தில இருந்து, இயர்ஃபோன் போட்டுக் கதையுங்கோ."

றஷ்மி சொன்னபடியே செய்தாள். பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள். பாவிமகள், ஜன்னலை மட்டும் யோசிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லா மாடிப் பாத்ரூம் ஜன்னல்களும் ஒரே ஒடுக்கமான வெளிக்குள்தான் திறக்கும். கீழ்வீட்டில் மீன் பொரித்தால் மேல்வீட்டுத் துவாய் மணக்கும். வாசம் ஏறும் வழியில் பேச்சு ஏறாதா?

மேல்வீட்டில் யூஜினா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கோயில் செபக்குழுவுக்குத் தலைவி. கெட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது. றஷ்மியின் பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியச் சரக்கு அரைத்துக் கறி காய்ச்சிக் கொடுத்தவளே அவள்தான். கீழிருந்து குரல் வந்தது. "மிஸ், பிள்ளையை பல்கனியால போட்டுடுவன் எண்டு வருது. ஒவ்வொரு நாளும் வருது." யூஜினா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தோய்த்த உடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

அதற்குப் பிறகு சுபாஷினி சொன்னதை இயர்ஃபோன் றஷ்மியின் காதுக்கு மட்டும்தான் கொடுத்தது. "இது கனபேருக்கு வாறது, றஷ்மி. அந்த நினைப்பு வந்தா நீங்க நடுங்கிறீங்கதானே? செய்ய விருப்பமில்லாதபடியாத்தான் அந்த நடுக்கம். நீங்க கூடாத தாய் இல்லை. இது வருத்தம், மருந்திருக்கு, மாறும். டொக்டர் ஒராளையும் பார்ப்பம்." றஷ்மிக்கு நெஞ்சுக்குள் கிடந்த கல்லை யாரோ தூக்கி எறிந்தது போலிருந்தது. அன்று மத்தியானம் பிள்ளையைத் தன் பக்கத்தில் கிடத்தி, பயமில்லாமல் நித்திரை கொண்டாள்.

எழும்பிக் கூடத்துக்கு வந்தபோது, நேசம் பேரனைத் தூக்கித் தோளில் போட்டபடி செபக்குழுவின் வட்ஸ்அப்பில் வந்த குரலைச் சத்தமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். யூஜினாவின் குரல். "பெயர் வேண்டாம் சகோதரிகளே. எங்கட தொடர்மாடியில கைப்பிள்ளைக்காரி ஒராளைப் பிசாசு பிடிச்சு ஆட்டுது. பிள்ளையை மாடியால எறியப் போறாவாம். எல்லாரும் மன்றாடுங்கோ."

பெயர் சொல்லவில்லையாம்! அந்தக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் கைப்பிள்ளை உள்ள வீடு அது ஒன்றுதான். நேசம் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

தாய் ஃபோன் எடுத்துச் சொன்னதும் டெரிக் வேலையால் ஓடி வந்தான். றஷ்மியின் ஃபோனிலிருந்தே சுபாஷினிக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். "என்ர மனுசி உங்களிட்ட என்ன சொன்னவ?"

"றஷ்மியைக் கேக்காம நான் ஒண்டும் சொல்லேலாது."

"அப்ப மறைக்க ஏதோ இருக்குது."

வாக்கைக் காப்பாற்றியவளின் வாயே வினையாகிப் போயிற்று. "சொல்லுங்கோ மிஸ்! எல்லாத்தையும் சொல்லுங்கோ!" என்று றஷ்மி கத்தினாள். சுபாஷினி பொறுமையாக, ஒன்றுக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினாள். பிள்ளைக்கு ஆபத்தென்று தான் நினைக்கவில்லை என்றாள், தாயையும் பிள்ளையையும் பிரிக்கவேண்டாம் என்றாள். டெரிக்கின் முகம் கொஞ்சம் இளகியது. நேசம் விடவில்லை.

"ஃபோனுக்குள்ள இருக்கிறவ ஆயிரம் சொல்லுவா. நாளைக்கு ஒண்டு நடந்தா அவவா வந்து பிள்ளையைப் பெத்துத் தரப்போறா?"

டெரிக் ஃபோனை வைத்தான். நேசத்தையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றி, மட்டக்குளியில் தன் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். றஷ்மி வாசல் வரைக்கும் பின்னால் ஓடினாள்.

யூஜினா வந்து அழுதாள். "நான் செபத்துக்குத்தானே பிள்ளை சொன்னனான்." செபத்துக்கு! கடவுளுக்குச் சொல்ல வட்ஸ்அப் எதற்கு? றஷ்மி கதவைச் சாத்தினாள். டொக்டரின் மருந்தை ஒழுங்காகக் குடித்தாள். அந்தப் பொல்லாத நினைப்பு குறைந்துகொண்டே போயிற்று. சுகமாகிறாள் என்பதை நம்பத்தான் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மட்டக்குளிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். டெரிக்கும் கூட வருவான், நேசம் பக்கத்திலேயே இருப்பாள். முதல் ஞாயிறு றஷ்மி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியபோது வீடே பதறி எழும்பியது, மச்சாள் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். அதிலிருந்து றஷ்மி கதிரையில் இருந்து பார்ப்பதோடு சரி.

போன ஞாயிறு அனுஜன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தரமாகத் தானே எழும்பி நின்றான். தாயைப் பார்த்துச் சிரித்தான். ஒரு கையை விட்டு அவள் பக்கம் நீட்டினான். கால் தள்ளாடியது. றஷ்மி எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தாள். அவளுடைய கைகள் எழும்பின. அத்தனை கண்களும் அந்தக் கைகளில் போய் நின்றன. கைகள் மடிக்கே திரும்பின. பிள்ளை சீமெந்துத் தரையில் தலை அடிபட விழுந்து வீரிட்டான்.

நேசம் ஓடிவந்து அள்ளி எடுத்தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தனிதானே டெரிக்? பெத்தவ குந்திக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தவ."