கழுத்தில் உலோகம் கூடாது

பேட்டரி அறைக்குள் நுழைகிறவர்களின் கழுத்து, கை, காது, விரல் எதிலும் உலோகம் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி கட்டிக் கொடுக்கிற சின்ன கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் முழுக்க என் பொறுப்பு. சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தேன். வாட்ச், மோதிரம், வளையல், தாயத்து, சட்டைப்பை சாவி எல்லாம் அதில் வந்து விழும். என்னோடு வேலை பார்க்கிற டெக்னீஷியன் பெண், ஆற்காட்டிலிருந்து வருகிறவள், முதல் நாளே முணுமுணுத்தாள்.

"சர்ச்சுக்குப் போனாக்கூட செருப்ப மட்டுந்தான் கழட்றேன். நீங்க கம்மல வேற கழட்டச் சொல்றீங்களேக்கா."

"சர்ச்சுல அம்பது வோல்ட் இல்லம்மா. கழட்டு."

நான் அப்படித்தான். பேசிப் புரியவைக்கிற பொறுமை எனக்கு எப்போதுமே கம்மி. ஆனால் அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் ஒருவருடைய கைக்காப்பு பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவில் பட்டு, கண் மூடித் திறப்பதற்குள் சிவந்து, மணிக்கட்டைச் சுற்றி வளையமாகச் சுட்டுவிட்டது. வீட்டு கரண்ட் என்றால் சுவிட்சை அணைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த செல்களுக்கு சுவிட்ச் கிடையாது. நாம் பார்க்காத நேரத்திலும் உள்ளே இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும்.

என் கழுத்திலும் தாலிச் சங்கிலி இருந்தது. ஆனால் அதுவரை நான் செல்லைத் தொட்டு வேலை செய்யவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். அதனால் என் சட்டம் என் கழுத்துக்கு வரவில்லை.

தாலியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பகுதியில் வேலை பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில், அரக்கோணத்தில் வேறு வேலை விஷயமாக ஒரு தோஸ்த்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வேலூர் பஸ் ஸ்டாண்டில் பைக்கை நிறுத்தி டோக்கன் வாங்கியிருக்கிறார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. போன் அன்று மத்தியானமே அணைந்துவிட்டது. அப்படி ஒரு தோஸ்த் அரக்கோணத்தில் இருப்பதாக அவருடன் வேலை செய்த யாருக்கும் தெரியவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிகளில் தேடினோம். ரயில்வேக்காரர்கள் கூப்பிட்டு இரண்டு முறை பிணத்தை அடையாளம் பார்க்கப் போனோம். இரண்டு முறையும் அவர் இல்லை. இரண்டு முறையும் வெளியே வந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். சொந்தக்காரர்கள் முதல் வருஷம் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது வருஷம் யோசனை சொன்னார்கள். "எவ்ளோ நாளைக்கும்மா? செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டு, கழுத்துல கெடக்குறதயும் எறக்கிடு." வந்த யோசனைக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். தாலியைக் கழற்றவில்லை. அது பதிபக்தி என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு. அவர்மேல் எனக்கு இருந்தது பாதிக்குமேல் கோபம். ஆனால் அவர் செத்துவிட்டார் என்று சொல்ல யாரிடமும் சாட்சி இல்லை. நான் தாலியை இறக்கினால் அதுதான் சாட்சி. அவரை என் கையால் சாகடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

அத்தை என் கழுத்தைத் தினமும் பார்ப்பார். காலையில் நான் கிளம்பும்போது ஒரு பார்வை, சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒரு பார்வை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகன் இருக்கிறானா என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட இடம் அது.

என் வீட்டுக்காரர் போகவே இல்லை என்றும் சொல்லலாம். பதனிட்ட தோலுக்கு ஒரு வாசனை உண்டு. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது நாற்றமாகத் தெரியாது, காற்று மாதிரிதான். ஆனால் ஃபினிஷிங்கில் அடிக்கிற சாயமும் அவருடைய வேர்வையும் சேர்ந்த வாசனை வேறு. பஸ்ஸில் நிற்கும்போது அது சட்டென்று வரும். திரும்பிப் பார்ப்பேன். யாரோ ஒருவர் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தெருவில் பைக் நின்று, ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் நானும் அத்தையும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவோம். அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். விட்ட இடத்திலிருந்து பேசுவோம். அதைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை.

இப்படி இருக்கும்போது கம்பெனிக்கு ஒரு சர்க்யூட் போர்டு வந்தது. பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் எந்த நிலையில் இருக்கிறது என்று கவனிக்கிற சிப் ஒன்று. அது எங்களுக்குச் சரிப்படுமா என்று பரிசோதித்துப் பார்ப்பதற்காக, சிப் செய்தவர்களே உள்ளங்கை அகல போர்டில் பொருத்தி அனுப்புவார்கள். மூடி, உறை எதுவும் கிடையாது. எல்லா முனையும் திறந்தே கிடக்கும். அதை செல்களோடு இணைக்கும் வேலையை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். இந்தத் தடவை தடுப்புக்கு உள்ளே நான் போக வேண்டும். தட்டு எனக்கும் வந்துவிட்டது.

ஒரு யோசனை செய்தேன். மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டு, அப்புறம் தங்கத்தைக் கழற்றி பீரோவில் வைத்தேன். நகை அடகுக்கோ ரிப்பேருக்கோ போனால் எங்கள் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதானே. நூலில் ஏது உலோகம்? சட்டமும் நின்றது, தாலியும் நின்றது என்று எனக்கு ஒரே பெருமை. கயிறு கட்டினால் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மஞ்சள் அரைத்துக் கயிற்றில் பூச வேண்டும் என்றார் அத்தை. அவரே அம்மியில் உரசிக் கொடுத்தார். பூசிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போர்டை செல்களோடு இணைக்கிற நாளும் அந்த வெள்ளிக்கிழமைதான். முந்தின நாட்களில் செல்லுக்குப் பதிலாக ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோத்து, கரண்ட் ஒரு அளவுக்குமேல் போகாதபடி பவர் சப்ளையைக் கட்டுப்படுத்தி, ஒத்திகை பார்த்துவிட்டிருந்தோம். அன்று நிஜ செல்கள். மேஜைமேல் ரப்பர் விரிப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் மணல் வாளி. லேப்டாப்பின் சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டோம். கனெக்டரை போர்டில் செருகும் முன் ஒவ்வொரு ஒயராக மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். அடியில் இருக்கிற செல்லின் மைனஸ் முதலில், அப்புறம் கீழிருந்து மேலாக வரிசை தப்பாமல். நான் ஒயரின் பெயரைச் சொல்ல, ஆற்காட்டுப் பெண் திருப்பிச் சொல்ல, அதற்குப் பிறகுதான் தொடுவேன். எல்லாம் சரியாக வந்தது. லேப்டாப் திரையில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் வரிசையாக நின்றது.

போர்டின்மேல் குனிந்து முகர்ந்து பார்ப்பது என் பழக்கம். எங்காவது சூடு ஏறினால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். குனிந்தேன்.

"அக்கா, ஒம்போதாவது செல் கொறயுது."

நிமிர்ந்தேன். "எவ்ளோ?"

"இப்போ ஏறிடுச்சு. சரியா இருக்கு."

மறுபடி குனிந்தேன். மறுபடி குறைந்தது. மல்டிமீட்டரில் அந்த செல்லை நேராக அளந்தால் அது அசையாமல் நின்றது. செல்லில் கோளாறு இல்லை. போர்டு மட்டும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா இது? யாரோ கிட்ட வந்து வந்து போற மாதிரி இருக்கு," என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

மூன்றாவது முறை குனிந்தபோது அந்த வாசனை வந்தது. காற்றில் வருகிற தோல் வாசனை இல்லை. சாயமும் வேர்வையும் கலந்த அவருடைய வாசனை. அறை மூடியிருந்தது. ஜன்னல் கிடையாது. படித்த படிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று மனசுக்குள் கேட்டேன். வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், திரையில் பதில் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீங்க குனிஞ்சா கொறயுது. நிமிந்தா ஏறுது. நீங்கதான் இன்னாமோ பண்றீங்க."

அப்போதுதான் கீழே பார்த்தேன். கோட்டுக்குள்ளிருந்து மஞ்சள் கயிறு நழுவி வெளியே வந்து, அதன் நுனி சிப்பின் கால்கள்மேல் விழுந்திருந்தது. காலையில் பூசிய மஞ்சள் இன்னும் காயவில்லை. வேர்வையும் சேர்ந்து ஊறிப்போயிருந்தது. தள்ளி வந்து மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் கயிற்றில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த நூல் எதையும் கடத்தாது. இந்த ஈரக் கயிறு கொஞ்சமாகக் கடத்தியது. சிப் ஏமாறுகிற அளவுக்குக் கொஞ்சம். இன்னும் நாலு கால் தள்ளி விழுந்திருந்தால் சிப்பே போயிருக்கும். தங்கச் சங்கிலியாக இருந்திருந்தால் என் கழுத்தே போயிருக்கும்.

அவள் கதவில் என் கையெழுத்தில் ஒட்டியிருந்த தாளை ஒரு தடவை பார்த்தாள். அவளுடைய கம்மலும் கல்யாண மோதிரமும் தட்டில் கிடந்தன. நான் வெளியே போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினேன். அவர் கட்டிய நாளிலிருந்து ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமையாக இருந்ததில்லை. தங்கத்தை மாற்றும்போதுகூட ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் மற்றதைக் கழற்றினேன். தட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்து குனிந்தேன். ஒன்பதாவது செல் அசையவில்லை. வாசனையும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று வேலை முடிந்ததும் முதல் வேலையாகக் கயிற்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. போர்டு வேலை வாரக்கணக்கில் நீண்டது. உள்ளே போகும்போது கழற்றுவது, வெளியே வரும்போது மாட்டுவது. முதலில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்புறம் அடிக்கவில்லை. ஒருநாள் தெருவில் பைக் நிற்கிற சத்தம் கேட்டு அத்தை மட்டும் பேச்சை நிறுத்தினார். நான் பேசிக்கொண்டே போனேன். அவர் என்னைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

போர்டு சரிப்படும் என்று முடிவானது. மேனேஜர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சிரிப்பும் சத்தமுமாகச் சாப்பிட்டுவிட்டு, அவசரமாகக் கையைக் கழுவி, வேலூர் பஸ்ஸைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் மனசு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அத்தைக்குப் பூகூட வாங்கினேன்.

அத்தை கதவைத் திறந்தார். வழக்கம்போல என் கழுத்தைப் பார்த்தார். கதவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"சேதி வந்துடுச்சாம்மா?"

எனக்குப் புரியவில்லை. கையைக் கழுத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் புரிந்தது.

"இல்லத்த. ஒண்ணும் வர்ல. வேலைக்காக கழட்டி வெச்சேன். அப்டியே மறந்துட்டு வந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருப்பேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிலைப்படியில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி, மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். இத்தனை காலத்தில் அவர் வாய்விட்டு அழுது நான் கேட்டதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அத்தையைப் பார்த்தார்கள், என் வெறும் கழுத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சேதி எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எதுவும் வரவில்லை என்று நானும் சொல்லவில்லை.