அப்பாவுக்கு வாங்கிப் போட்ட நாற்காலி

அப்பாவை உட்கார வைத்தது நான்தான். அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

திருப்போரூர்ப் பக்கம் கூலிக்கு வயல்வேலை செய்தவர் அவர். நிலத்துக்காரர் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அந்த வயல்கள் மனையாகி, மனைகள் வில்லாக்களானபோது அங்கேயே தோட்டவேலைக்குச் சேர்ந்தார். நாற்று நட்ட இடத்தில் புல்தரைக்குத் தண்ணீர் விட்டார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடைதான். சிறுசேரியில் எனக்கு ஐ.டி. வேலை கிடைத்த பிறகும் அவர் விடவில்லை.

"நடந்தது போதும்பா, இனிமே உக்காரு" என்று வேலையை விடவைத்து, சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். பாசம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை வேறு. என் டீம் லீடர் அந்த வில்லாக்களில் ஒன்றுக்குக் குடிவந்திருந்தார். அவர் வீட்டுச் செடிக்கு அப்பா தண்ணீர் விடுவதை நினைத்தாலே எனக்குக் கூசியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னா அண்ணாத்த, ராஜா மாதிரி குந்திக்கினு கீற!" என்று தெருவில் போகிறவர்கள் கேலி செய்வார்கள். அப்பா சிரிப்பார்.

இரண்டே வருடம். தொப்பை விழுந்தது, தாகம் அடங்கவில்லை, பார்வை மங்கியது. செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் என்னைத்தான் முறைத்தார்.

"வேலை செஞ்சப்போ சதை சர்க்கரையை எடுத்துக்கிச்சு. இப்போ நாள் முழுக்க உக்காந்திருந்தா அது ரத்தத்துலயே தங்கும். மாத்திரை மட்டும் பத்தாது, நடக்கணும். இல்லேன்னா கண்ணு போயிடும். நீயும்தாம்மா, ஆபீஸ்ல மணிக்கு ஒருதரம் எழுந்திரு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் நான் செய்திருக்கிறேன்.

எங்கள் தெரு பாதி தோண்டிக் கிடக்கிறது. மெயின் ரோட்டில் ஓயாமல் லாரி; நடக்க இடமில்லை. மறுநாள் காலை அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வில்லாக்களுக்குள் இருக்கும் நடைபாதைக்குக் கிளம்பினார். அதன் ஓரத்துச் செடிகள் எல்லாம் அவர் வைத்தவை. கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டார்.

"இன்னாப்பா, அதுக்குள்ள வந்துட்ட?"

"வாட்ச்மேன் வுடல. வேலைக்குன்னா வா, நடக்கறதுக்குன்னா அங்க வூடு இருக்கறவங்க மட்டுந்தான்னு சொல்ட்டான்."

அப்பாவின் கண்ணைவிட என் கௌரவம் பெரிதா என்ன?

"அப்போ தோட்டவேலைக்கே திரும்பப் போயேம்பா" என்றேன்.

அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப போனா உனக்கு மானம் போவாதா?"