மாமாவுக்கு வராத நோய்

பிள்ளைகளே, மாமா உங்களில் பாசமில்லாதவர் என்று நீங்கள் கதைப்பது என் காதில் விழுந்திருக்கிறது. சின்னவள் நடக்கத் தொடங்கிய காலம், ஒரு பொங்கலுக்கு நாயாற்றிலிருந்து வந்தார். வாசல் படலையடியில் அவள் அவருடைய காலைக் கட்டிப்பிடிக்க ஓடினாள். அவரோ சோதனைச் சாவடியில் நிற்பவரைப் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து விலகினார். பிள்ளை விழுந்து அழுதது. "அக்கா, பிள்ளையைத் தூக்கு, அக்கா" என்று கத்தினாரே தவிர, அவர் தொடவில்லை. அதைத்தான் நீங்கள் மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நடந்ததை வெட்கத்தில் நாங்கள் யாரும் சொல்லவில்லை. உங்கள் அப்பா நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று தெரியாது. ஆனால் நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், எழுதத்தான் வேண்டும்.

மாமா வெளிநாட்டு வேலை முடிந்து வந்து கண்டாவளையில் எங்களோடுதான் இருந்தார். உங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி. நானும் அவரும் ஒரே வயலில் நின்றோம், ஒரே கொடியில் காய்ந்த சாரங்களில் கைக்கு வந்ததை இடுப்பில் கட்டினோம். எது யாருடையது என்று பார்க்கிற வழக்கம் நம் வீட்டில் இருக்கவில்லை. பெரிய பகிடிக்காரர். "அத்தானுக்கு உழவும் தெரியாது, விதைப்பும் தெரியாது. அக்காவுக்குப் பயப்பிட மட்டும் வடிவாத் தெரியும்" என்று வயல் முழுக்கக் கேட்கச் சொல்லுவார். அடுத்த ஊரில் பெண் பார்த்து, கலியாண எழுத்தும், அதாவது பதிவும், முடிந்து, அறுவடை கழியத் தாலி கட்டு என்று நாளும் வைத்தாயிற்று. அந்தப் பிள்ளையோடு போனில் கதைத்தபடிதான் தண்ணீர் கட்டுவார். வரம்பு உடைத்துப் பாய்வதுகூடத் தெரியாது.

பிறகு போன் கதை நின்றது. ஒருநாள் வரம்பில் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். "என்ன மச்சான், இப்பவே மாப்பிள்ளை நடையோ?" என்று கேட்டேன். நின்றபடியே அழுதார். ஆணுறுப்பின் தோலில் வெள்ளை ரவை போலச் சின்னச் சின்னக் குருணிகளைக் கண்டிருக்கிறார். நோவில்லை, அரிப்புக் கடியில்லை. ஆனால் வெளிநாட்டில் ஒருதரம் கூட்டாளிகள் கூட்டிக்கொண்டு போன இடம் ஒன்று இருந்தது. அங்கே வாங்கிய நோய் என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. போனில் படங்களைத் தேடியிருக்கிறார், பார்த்த எல்லா நோயும் தன்னுடையதாகத் தெரிந்திருக்கிறது. கடைசியில், பாலுண்ணிக்கு வைப்பதுபோல வெற்றிலைச் சுண்ணாம்பைச் சவர்க்காரத்தோடு குழைத்து வைத்துவிட்டார். ஒன்றுமில்லாத இடம் வெந்து புண்ணாகியிருந்தது.

"நான் செய்த பாவம் அத்தான். அந்தப் பிள்ளையைத் தொட்டனெண்டால் அதுவும் அழிஞ்சுபோம்."

வவுனியாவுக்குக் கூட்டிப் போனேன். பாலியல் நோய்க் கிளினிக்கில் இருந்த டொக்டர் அம்மா முகம் சுளிக்காமல் பார்த்தா. "தம்பி, இது நோயில்லை. தோலுக்குக் கீழ இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியள். கன ஆம்பிளையளுக்கு இருக்கு. ஒருத்தரிட்ட இருந்தும் வாறேல்லை, ஒருத்தருக்கும் தொத்தாது. மருந்தும் தேவையில்லை. புண் மட்டும் உம்மட சுண்ணாம்பால வந்தது" என்றா. இரத்தமும் சோதித்தார்கள். சோதனை முடிவை வாங்கவும் நான்தான் கூடப் போனேன். ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. சந்தோசத்தில் பஸ் நிலையத்தில் சோடா வாங்கினேன். அவர் குடிக்கவில்லை.

"டொக்டர் பாவம் பாத்துச் சொல்லுறா அத்தான். கலியாணம் எண்டு சொல்லிப்போட்டமெல்லே."

"அப்ப ரத்தமும் பாவம் பாத்ததோ?"

"அது இன்னும் ரத்தத்தில ஏறேல்லைப் போல."

புண் ஆறியது. குருணிகள் இருந்தபடியே இருந்தன. அவை போகிற சாமான் இல்லைதானே. அவருக்கு அதுவே சாட்சி.

கலியாணம் நெருங்கியது. வயலால் திரும்பி வரும்போது, சொல்லக் கூசுகிற ஒன்றைத் துணிந்து சொன்னேன். "மச்சான், டொக்டர் சொன்னாப் பிறகு நானும் பாத்தனான். எனக்கும் அதே மாதிரிக் கிடக்கு. அக்காவோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்துறன். பிள்ளையளுக்கு என்ன குறை?" முகம் தெளியும் என்று பார்த்தேன். அவர் வரம்பை விட்டுச் சேற்றுக்குள் இறங்கி விலகினார்.

"ஐயோ அத்தான், என்ர சாரத்தைத்தானே கட்டினனீங்கள். உங்களுக்கும் குடுத்திட்டனே!"

"விசரா, எனக்கு நீ வர முந்தியே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும் எண்டுதானே சொல்லுறீங்கள். பாத்தனீங்களோ?"

அதற்கு முதல் நான் பார்த்ததில்லை. யார்தான் பார்த்து வைப்பார்கள்?

மறுநாள் நெல் அவிக்கிற கிடாரத்தில் வீட்டுச் சாரங்கள் எல்லாம் கொதித்தன. ஒன்றும் அறியாத அம்மா வந்து கத்தினா. "சோத்துக்கு நெல்லவிக்கிற கிடாரத்துக்க சாரம் அவிக்கிறியே, விசரே உனக்கு?" மாமா தடியால் அமத்திக்கொண்டே நின்றார். அந்தக் கிழமையே பெண் வீட்டுக்குப் போய்க் கலியாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. பெண்ணின் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து, "எழுத்து முடிஞ்ச பிள்ளையை இனி ஆர் எடுப்பினம்? அதில என்ன குறை கண்டவர், அதையெண்டாலும் சொல்லுங்கோ" என்று கேட்டார். குறை அவளிலும் இல்லை, இவரிலும் இல்லை. அதை நான் எந்த வாயால் சொல்வது? ஊர் அந்தப் பிள்ளைக்குத்தான் கதை கட்டியது.

மாமா நாயாற்றுக் கடற்கரையில், மீன்பிடிக்காரர் கொட்டில் போட்டுத் தங்குகிற ஒரு வாடியில் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். ஊர் மாறி ஊர் போய் இரத்தம் சோதிக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். மனதுக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டரிடமும் கூட்டிப் போனேன், பாதியில் எழும்பி வந்துவிட்டார். உங்கள் உடம்பில் எதையாவது கண்டால் சுண்ணாம்பு வைக்காதீர்கள், போனை நம்பாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் மாமாவும் காட்டினவர்தான். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் போய்ப் பார்த்தேன். கதிரையில் புதுப் பை ஒன்றை விரித்து என்னை இருத்திவிட்டு எட்ட நின்றார். தலை நரைத்துவிட்டது.

"உங்களுக்கு எப்பிடி அத்தான், கூடிட்டுதோ?"

"இல்லை மச்சான், அப்பிடியேதான் கிடக்கு."

"என்னைச் சபிச்சுப் போடாதேங்கோ."

கரையில் வலை இழுக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். வாடியில் நான் மட்டும் இருந்தேன். கயிற்றில் அவருடைய துவாய் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்தேன். பிறகு அவருக்குத் தெரியாதபடி, கிடந்த மாதிரியே விரித்துப் போட்டேன்.